தைக்காத சட்டை

வீங்கிய கையில் சட்டை ஏறவில்லை. தையல்காரி, கணவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு சட்டைக் கையின் தையலைப் பிரித்தாள். இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவர் கணக்கு வாத்தியார். கல்யாணமான முதல் மாதமே தொடங்கிய சண்டை அவர்களுடையது. எண்களுக்கு முடிவே இல்லை, முடிவில்லாத அந்தக் கூட்டம் மொத்தமும், யாரும் எண்ணாவிட்டாலும், இந்த நிமிடமே இருக்கிறது என்பார் அவர். அவள் விடமாட்டாள். ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம், சரி. போகலாம் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு.

"நான் இன்னும் தைக்காத சட்டைய அலமாரியில காட்டுங்க பாப்போம்," என்பாள்.

வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சாப்பாடு ஆறிப்போகும். அந்தச் சண்டைக்காகவே அவள் கடையைச் சீக்கிரம் பூட்டிக்கொண்டு ஓடிவந்த நாட்கள் உண்டு. அதை அவரிடம் சொன்னதில்லை.

இன்று தோற்றுக்கொடுத்துவிட வேண்டும், ஜெயித்த மனுஷனாக அவரை அனுப்பிவைக்க வேண்டும் என்று காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்தாள். வாய்தான் வரவில்லை. அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நீ சொன்னதுதான் சரி," என்றார், கண்ணைத் திறக்காமல். "எண்ணினவரைக்கும்தான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

இத்தனை வருடம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை, இப்போது அவளுக்கு வேண்டவே வேண்டாம் என்றிருந்தது.

"இல்லங்க. இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே, முழுசா இருக்கு."

"எப்படிச் சொல்ற?"

வகுப்பில் கேட்கிற அதே குரல். அவள் யோசித்தாள். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். பதிலுக்குத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்து வெகுநேரம் யோசித்துக்கொண்டே இருந்தாள். மகள்தான் வந்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

டாக்டர் வந்து இறப்புச் சான்றிதழ் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். மகள் வாசலில் நின்று அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடத்தில் போன் அடித்தது. அவருடைய பழைய மாணவி ஒருத்தி. இப்போது அவளும் ஆசிரியையாம், ஒரு கணக்கில் சந்தேகமாம்.

"சார் இருக்காரா?"

தையல்காரி திறந்திருந்த கதவு வழியே உள்ளே பார்த்தாள். பிரித்த சட்டைக் கை கட்டிலுக்குக் கீழே தொங்கியது.

"இருக்கார்," என்றாள். "கணக்கச் சொல்லும்மா."

அளவு நோட்டைத் திறந்து, மாணவி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.