பாவுக்கு அந்தப்புறம் ஒரு ஓட்டு

அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டபோது சகாயமேரிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். வீடு தேடி வந்து ஓட்டு வாங்கிக்கொண்டு போவார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அங்கன்வாடியில் வேலை பார்க்கும் கலையரசிதான் அந்தத் தெருவுக்கு வாக்காளர் பட்டியல் பொறுப்பு. அவள்தான் ஃபாரத்தைக் கொண்டுவந்தாள்.

"மேரிக்கா, இந்த வாட்டி நீங்க ஸ்கூலு பக்கமே வர வேணாம். ஊனம்னு சர்ட்டிபிகேட் வச்சிருக்கிறவங்களுக்கு வீட்டாண்டயே பொட்டி எடுத்துகினு வருவாங்க. இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

மேரிக்கு இரண்டு கால்களும் சின்ன வயதிலேயே போலியோவில் போனவை. வெளியே போக மூன்று சக்கர ஸ்கூட்டர் உண்டு. ஆனால் ஸ்கூட்டர் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து பூத்துக்குப் போகச் சாய்தளம் என்று ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கட்டியவன் எந்த ஜென்மத்திலும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவனாக இருக்க முடியாது. போன தேர்தலில் அந்தச் செங்குத்தில் நாற்காலி பாதியிலேயே மாட்டிக்கொண்டது. நான்கு ஆண்கள் அவளை நாற்காலியோடு பல்லக்குத் தூக்குவதுபோலத் தூக்கினார்கள். புடவை விலகி, முகம் கோணி அவள் தொங்கிக்கொண்டிருந்ததை ஒரு புண்ணியவான் போட்டோ எடுத்து, 'தன்னம்பிக்கைக்கு ஒரு சல்யூட்' என்று வாட்ஸாப்பில் போட்டுவிட்டான். ஒரு வாரம் ஆரணியே அவளுக்குச் சல்யூட் அடித்தது. மேரிக்கு அந்த ஒரு வாரமும் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் அமல்ராஜும் பக்கத்திலேயே நின்று, "போடு போடு. இன்னாத்துக்கு உனக்கு அந்தப் பேஜாரு?" என்று பேனாவை நீட்டினான்.

அமல்ராஜ் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை கோணிப்போகும். அப்பா அம்மா போன பிறகு தங்கையை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டவன். சின்ன வயதில் அவளை முதுகில் சுமந்துகொண்டு கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனவன். அவனுக்குப் பட்டுத் தறி ஒன்று. அதைத் தவிர கட்சி ஒன்று. தறியை மதியத்தோடு நிறுத்தினாலும் நிறுத்துவான், கட்சியை நிறுத்த மாட்டான். அந்தப் பூத்துக்கு அவன்தான் ஏஜென்ட். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, எது யாருக்கு என்று அவனுக்கு விரல் நுனியில். தன் வீட்டு ஓட்டைப் பற்றி மட்டும் அவன் யோசித்ததே இல்லை. சொந்தச் சட்டைப் பையை யாராவது சந்தேகப்படுவார்களா?

அன்று சாப்பிடும்போது அவன் சொன்னான்: "மேரி, அது மெஷின் மாதிரி இல்ல. பேப்பரு. நீ பயப்படாத. நான் கூடவே நின்னுகினு எங்க டிக் அடிக்கணும்னு காட்டறேன்."

மேரிக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

அவள் வாழ்க்கையில் முதுகுக்குப் பின்னால் எப்போதும் யாராவது இருந்தார்கள். கோயிலில், ஆஸ்பத்திரியில், பஸ் ஸ்டாண்டில், குளிக்கப் போகும்போதுகூட அண்ணி பிரிஸில்லாவின் கை. எல்லாம் அன்பான கைகள்தான். ஆனால் பூத்துக்குள் அந்த அட்டை மறைப்புக்கு முன்னால் நாற்காலியைக் கொண்டுபோய் விட்டதும், "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று அதிகாரி ஒரு சத்தம் போடுவார் பாருங்கள், அப்போது எல்லாக் கைகளும் விலகிவிடும். அண்ணன்கூடத் தூரத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். பட்டனை அழுத்துகிற அந்தக் கொஞ்ச நேரம் அவள் தனி ஆள். அங்கே அவள் அமல்ராஜின் தங்கை இல்லை, தூக்கிவிடப்பட வேண்டியவள் இல்லை. அண்ணன் கட்சிக்குப் போட்டதும் உண்டு, போடாததும் உண்டு. அது அவளுக்கும் அந்த மெஷினுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

பல்லக்கு ஏறியது அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் என்பது அவளுக்கே அன்றுதான் புரிந்தது. புரிந்தபோது ஃபாரம் தாலுகா ஆபீசுக்குப் போய்விட்டது.

மறுநாள் கலையரசியைத் தெருவில் மடக்கிக் கேட்டாள். "ஏன் கலை, அந்த ஃபாரத்த வாபஸ் வாங்க முடியாதா? நான் ஸ்கூலுக்கே வந்துடறேன்."

"அய்யோ அக்கா, அதெல்லாம் ஓகே ஆயிடுச்சே. லிஸ்ட்ல உங்க பேருக்கு நேரா குறி போட்டுருப்பாங்க. பூத்துல உங்கள வுட மாட்டாங்க. வீட்டுக்கு ரெண்டு தரம் வருவாங்க. ரெண்டு தரமும் நீங்க இல்லன்னா ஓட்டு போச்சு. ஏன்க்கா, யாருனா இன்னா சொன்னாங்க?"

"ஒன்னுமில்ல. சும்மா கேட்டேன்."

கால் நோகாமல் ஓட்டுப் போட அரசாங்கம் வழி செய்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஓட்டு வீட்டுக்கு வந்தால் வீட்டில் இருப்பவர்களும் கூடவே வருவார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

'அண்ணா, நீ வெளியே போ' என்று சொல்லிவிட்டால் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக்கு வருகிற கூட்டத்தோடு எதிர்க்கட்சி ஏஜென்ட் சக்கரவர்த்தியும் வருவான். சிமென்ட் கடை வைத்திருக்கிறவன். அவன் காது கேட்க மேரி அப்படி ஒரு வார்த்தை சொன்னால், 'அமல்ராஜை அவன் தங்கச்சியே நம்பல' என்ற சேதி சாயந்திரத்துக்குள் கண்ணமங்கலம் வரை பஸ் ஏறிவிடும். சுமந்த முதுகில் குத்தியதாகிவிடும். அவளால் அது முடியாது. அண்ணன் பார்க்க ஓட்டுப் போடவும் முடியாது. இரண்டு நாள் இதே யோசனையாக இருந்தாள். அண்ணன்மேல் கோபம் வந்தது, கோபப்பட்டதற்காக அழுகை வந்தது.

மூன்றாம் நாள், தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளான பாவு தீர்ந்தது.

மேரியின் பிழைப்பே பாவு பிணைப்பதுதான். ஒரு பாவு நெய்து முடியும்போது அதன் கடைசி முனை தறியிலேயே விழுது என்கிற நூல் கண்ணிகளில் கோத்தபடி இருக்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து அதன் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. தலைமயிரைவிட மெல்லிசு. உட்கார்ந்த இடத்தில் கையால் மட்டுமே செய்கிற வேலை என்பதால் சின்ன வயதிலேயே பழகிக்கொண்டாள். பிணைப்பு நடக்கிற வீட்டில் ஃபேன் போட மாட்டார்கள். அவிழ்ந்து கிடக்கிற இழைகள் காற்றில் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பதற்குள் பிராணன் போய்விடும். தொடங்கினால் முடிக்காமல் எழுந்திருக்கவும் கூடாது.

திங்கட்கிழமை பிணைக்க வேண்டியது. மேரி தலைவலி என்று படுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை ஓட்டு வாங்க வருகிறார்கள் என்று கலையரசி போன் பண்ணிச் சொல்லியிருந்தாள். செவ்வாய் விடிந்ததும் விடியாததுமாக மேரி தறிக்குப் பின்பக்கம் நகர்ந்துபோய், சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, புதுப் பாவை அவிழ்த்துவிட்டாள்.

அமல்ராஜ் பல் விளக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "இன்னா மேரி, இன்னிக்கே ஆரம்பிச்சிட்ட? ஓட்டுக்காரங்க வருவாங்களே."

"வரட்டும். பாவு எத்தினி நாளு சும்மா கெடக்கும்? உனக்குத்தான நஷ்டம்."

அவனுக்குத் தங்கையின் பொறுப்பை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அவர்கள் பத்து மணி வாக்கில் வந்தார்கள். அதிகாரி ஹேமலதா, போளூர்ப் பக்கம் பள்ளிக்கூட டீச்சர். கூட ஓர் உதவியாளர், வீடியோ எடுக்கிறவர், ஒரு போலீஸ்காரர், வழி காட்டக் கலையரசி. பின்னாலேயே வெள்ளைச் சட்டையில் சக்கரவர்த்தி. அத்தனை பேருக்கும் அந்த வீட்டில் நிற்க இடமில்லை. தறி பாதி, அவிழ்ந்த பாவு பாதி. பாவுக்கு அந்தப்புறம் மேரியின் தலை மட்டும் தெரிந்தது.

"நீங்கதான் சகாயமேரியா? கொஞ்சம் இப்படி முன்னால வர முடியாதாம்மா?" என்றார் ஹேமலதா.

"கையில இழை இருக்குங்க மேடம். வுட்டா எல்லாம் கலைஞ்சிடும். நீங்க இங்கயே குடுத்துடுங்க."

ஹேமலதா செருப்பைக் கழற்றி, புடவையைச் செருகிக்கொண்டு, சுவரோடு சுவராக நடந்து போனார். ஓட்டுச் சீட்டையும் கவர்களையும் ஒரு பேனாவையும் கொடுத்தார். உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மடியில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை மறைப்பையும் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பினார். நினைத்தபடிதான் நடக்கிறது.

அப்போது அமல்ராஜ் சட்டையை இடுப்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் கால் எடுத்து வைத்தான்.

மேரி இதை நினைக்கவே இல்லை. அவன் நெசவாளி. பிறந்ததிலிருந்து பாவுக்குப் பக்கத்தில் நடந்து பழகினவன். ஹேமலதா வர முடிந்த இடத்தில் அவனால் வர முடியாதா?

"சார், ஓட்டு போடும்போது பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது" என்றார் ஹேமலதா.

"நான் கூடப் பொறந்த அண்ணன் மேடம். அவளுக்கு ஒடம்பு முடியாது. தொணைக்கு ஒருத்தர் இருக்கலாம்னு ரூல் இருக்குல்ல?"

"அது கண்ணு தெரியாதவங்களுக்கு, கை வராதவங்களுக்கு." ஹேமலதா சலித்துக்கொண்டார். காலையிலிருந்து போன வீட்டில் எல்லாம் இதே கதைதான் போலிருந்தது. "நீங்களே சொல்லுங்கம்மா. உங்களுக்குத் துணை வேணுமா?"

எல்லாரும் மேரியைப் பார்த்தார்கள். வீடியோவும் பார்த்தது. சக்கரவர்த்தி காதைத் தீட்டிக்கொண்டான். 'வேணாம்' என்கிற ஒரே ஒரு வார்த்தை. மேரி குனிந்து கையிலிருந்த இழையைப் பார்த்துக்கொண்டாள். அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னோர் அடி வைத்தான்.

"அவரு போனா நானும் போவேன்" என்றான் சக்கரவர்த்தி. "அவரு ஏஜென்ட்டுன்னா நானும் ஏஜென்ட்டுதான்." சொன்னவன் செருப்புக் காலோடு நேராகப் பாவை நோக்கி நடந்தான். சிமென்ட் கடைக்காரனுக்குப் பாவாவது பிணைப்பாவது! அவன் வேட்டி வீசிய காற்றில் ஓரத்து இழைகள் எழுந்து ஆடின.

"யோவ்!" அமல்ராஜ் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். "நில்லுய்யா! பிணைப்பு நடக்குது, கண்ணு தெரியல? பாவுகிட்ட ஒருத்தரும் போகக் கூடாது!"

சக்கரவர்த்தி நின்றான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"சரிப்பா. ஒருத்தரும் போகக் கூடாதுல்ல? அப்ப நீயும் வெளிய வா. நீ போனா நானும் வருவேன். இப்டியேதான் வருவேன்."

அமல்ராஜ் பாவைப் பார்த்தான். முகூர்த்தப் புடவைக்கு ஏறிய பாவு, அரக்குச் சிவப்பு. பிறகு சக்கரவர்த்தியின் செருப்பைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். கட்சியா, பாவா என்று அவன் வாழ்க்கையில் கேள்வி வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நெசவாளி ரத்தம் ஜெயித்தது. வந்த சுவரோரமாகவே பின்னால் நடந்து வெளியே வந்தான்.

"அப்பாடா. எல்லாரும் வாசலுக்கு வாங்க" என்றார் ஹேமலதா.

அறை காலியானது. மேரி இழைகளை விரலிடுக்கிலிருந்து மெதுவாக விடுவித்து, கலையாமல் கொத்தாக முடிந்து பக்கத்துப் பலகையில் செருகினாள். அட்டையை மடியில் நிறுத்தினாள். முதுகுக்குப் பின்னால் சுவர், முன்னால் பட்டு. சீட்டை விரித்து எல்லாப் பெயர்களையும் ஒன்றுக்கு இரண்டு தடவை நிதானமாகப் படித்தாள். அவசரப்படுத்த யாரும் இல்லை. அப்புறம் டிக் அடித்தாள். யாருக்கு என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். சீட்டை மடித்துக் கவரில் போட்டு ஒட்டினாள். கவரில் சாம்பல் விரல் தடம் ஒன்று பதிந்தது. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தபோதுதான் தன் கண்ணில் தண்ணீர் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அழுகை இல்லை அது. சந்தோஷம்.

ஹேமலதா வந்து கவரை வாங்கிப் பெட்டியில் போட்டார். கூட்டம் அடுத்த தெருவுக்குக் கிளம்பியது.

கார் சத்தம் அடங்கியதும் அமல்ராஜ் வாசற்படியில் வந்து நின்றான்.

"இன்னா மேரி, நம்மளுக்குத்தான?"

"பேசாத அண்ணா. நீ மூச்சு வுட்டா இழை பறக்குது."

அவன் வாயை மூடிக்கொண்டான். பிரிஸில்லா இருவருக்கும் டீ கொண்டுவந்தாள். மேரியின் டம்ளரைச் சுவரோரம் கை எட்டுகிற இடத்தில் அவனே கொண்டுபோய் வைத்தான். ஓர் இழைகூட அசையவில்லை. திரும்பிப் படியில் உட்கார்ந்து தன் டீயைக் குடித்தான். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, குரலைத் தாழ்த்திக்கொண்டு மறுபடி தொடங்கினான்.

"எப்டியோ, ஜல்தியா முடிஞ்சுது பாரு. ஸ்கூலும் வேணாம், தூக்கறவனும் வேணாம். இனிமே எல்லா எலெக்சனுக்கும் நீ வீட்லயே சொகமா போட்டுக்கலாம்."

மேரி இரண்டு இழைகளை எடுத்துச் சாம்பல் தொட்டு முறுக்கினாள். தலை நிமிராமலே சொன்னாள்:

"அடுத்த வாட்டி எனக்கு அந்த ஃபாரம் வேணாண்ணா. உன் கட்சியில சொல்லி, ஸ்கூல்ல அந்தச் சாய்தளத்த இடிச்சிட்டு ஒழுங்கா ஒன்னு கட்டச் சொல்லு. நான் அங்கயே போய்க்கறேன்."

"ஏன்? இங்க இன்னா கொறச்சல்?"

"ஒவ்வொரு எலெக்சனுக்கும் கரெக்டா பாவு தீந்துகினு இருக்குமாண்ணா?"

அமல்ராஜின் டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. திங்கட்கிழமைத் தலைவலி அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தங்கையைப் பார்த்தான். அவள் அடுத்த இழையை எடுத்தாள். அவன் டம்ளரைச் சத்தமில்லாமல் படியில் வைத்தான். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டான்.