மொட்டுக்குப் போட்ட முடிச்சு

ஈபன் லோகன் டிப்பி கெம்மிலுக்குத் தர வேண்டிய பாக்கி பதினோரு ஷில்லிங் நாலு பென்ஸ். பன்னிரண்டு ஷில்லிங்குக்கு எட்டு பென்ஸ்தான் குறைவு. அத்தனையும் தார் சுற்றிய கூலி, அதாவது தறி நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் ஊடை நூல் சுற்றிக் கொடுத்த கூலி. பெய்ஸ்லியில் சால்வை நெய்கிற தெருக்களில் இது புதிதில்லை. கம்பெனிக்காரன் நெசவாளியை இழுத்தடிப்பான், நெசவாளி தார் சுற்றுகிறவளை இழுத்தடிப்பான். தார் சுற்றுகிறவள் யாரை இழுத்தடிக்க முடியும்? டிப்பி வாடகை வீட்டுச் சொந்தக்காரனை இழுத்துப் பார்த்தாள். அவன் ஆகஸ்ட் முதல் தேதி வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டான். அதற்குள் வாடகை கட்டாவிட்டால் அவள் தார் சுற்றும் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கிளாஸ்கோவில் நாத்தனார் வீட்டுக்குப் போக வேண்டும்; பஞ்சாலையில் நிற்க வேண்டும். நாத்தனாரையும் பஞ்சாலையையும் சேர்த்து நினைத்தால் டிப்பிக்கு ஓட்ஸ் கஞ்சி தொண்டையில் இறங்காது.

ஈபன் ஏமாற்றுகிற ஆள் இல்லை. ஐம்பது தாண்டியவர், தனிக்கட்டை. தறி ஒன்று, தறிவீட்டுக்குப் பின்னால் நாலு அடி அகலத்தில் ஒரு பாத்தி, அதில் பிங்க் என்கிற பூச்செடி. வேறு சொத்து கிடையாது.

"ஜூலையில பூக்காட்சி வருது டிப்பி. முதல் பரிசு செப்புக் கெண்டி. கெண்டியக் கன்னான்கிட்ட வித்தா உன் காசு மொத்தமா கைக்கு வந்துரும்" என்றார்.

"பூவுலேர்ந்து கெண்டி, கெண்டியிலேர்ந்து காசு. நடுவுல ஒரு நத்தை வந்துட்டா?"

"நத்தைக்குச் சுத்தி சாம்பல் கொட்டி வச்சிருக்கேன்."

"நத்தைக்குச் சாம்பல். எனக்கு?"

அவர் சிரித்துவிட்டுத் தறிக்குள் இறங்கிவிட்டார்.

கோபம் இருந்தாலும் அந்தப் பாத்தியை அவளால் குறை சொல்ல முடியவில்லை. சக்கரத்துக்கு நேரே பாத்தியைப் பார்த்த ஜன்னல். இரண்டு வருஷமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிங்க் என்பது கார்னேஷனுக்குத் தங்கை முறை. உருவத்தில் சிறிசு, வாசத்தில் அக்காளுக்கு இளைத்ததில்லை. ஒரு முறை வேர் பிடித்தால் பனி மூடினாலும் அடுத்த கோடையில் தலை தூக்கும். நல்ல பூ ஒன்றைப் பறிக்காமல் காய விட்டு, ஈபன் விதை எடுத்தார். கறுப்பாக, தட்டையாக, உடைந்த தேயிலைத் தூள் மாதிரி இருந்தது. மண்சட்டியின் அடியில் ஓட்டுத் துண்டு போட்டு, சலித்த மண்ணும் ஆற்று மணலும் கலந்து நிரப்பி, தறி நாடாவின் பக்கத்தால் சமன்படுத்தி, விதையைத் தூவி, மேலே போர்த்தியும் போர்த்தாததுமாக மண் போட்டார். தண்ணீரை ஊற்றவில்லை. ஊற்றினால் விதை ஓரமாக ஓடிவிடும் என்று சட்டியைத் தண்ணீர்த் தட்டில் உட்கார வைத்தார். அது அடியிலிருந்து தானே குடித்தது. கொஞ்ச நாளில் பச்சை முளைத்தது. முளைத்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பாத்தியில் பாவு நூல் மாதிரி நேராக நட்டார்.

முதல் வருஷம் பூவே இல்லை. நீலமும் சாம்பலும் கலந்த புல் குத்துகள், அவ்வளவுதான். "குளிர் இதக் கொல்லாது. ஈரம் நின்னாத்தான் கொல்லும்" என்று இடிந்த சுவரின் சுண்ணாம்புக் காரையை நொறுக்கி வேருக்குப் போட்டார். காசு வராத வேலைக்கு ஒரு மனுஷன் இத்தனை பொறுமையாக இருப்பதைப் பார்க்கும்போது, காசு வராத டிப்பிக்கும் கொஞ்சம் பொறுமை வந்தது.

அடுத்த ஜூனில் பூத்தன. பெரும்பாலானவை ஒற்றை அடுக்கு, ஓரம் கிழிந்த பூக்கள். பிங்க் விதை அப்படித்தான். தாயின் முகம் பிள்ளைக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஈபன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்.

"வாசம் நல்லாத்தானே இருக்கு? ஏன்யா பிடுங்குறீங்க?"

"காட்சி மேஜையில மூக்குக்கு வேலை இல்லம்மா. கண்ணுக்குத்தான்."

ஆனால் மூலையில் ஒன்று இருந்தது. வெள்ளை இதழ், ஓரம் வழவழவென்று வட்டமாக. ஒவ்வொரு இதழுக்கும் சால்வைக்குக் கரை போட்ட மாதிரி கருஞ்சிவப்பு விளிம்பு. கிராம்பு வாசம் வேறு. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் வளர்த்தார். அதுதான் இந்த ஜூலைக்கு.

கெண்டிக்கென்று பெரிய மொட்டு ஒன்றை விட்டு, மற்றதைக் கிள்ளிப் போட்டார். பக்கத்துக் கிளையில் பிந்திய சிறு மொட்டு ஒன்றும் தப்பித்தது. இதழ் நிறைய உள்ள பிங்க்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உள்ளே இடம் போதாமல் மொட்டைச் சுற்றிய பச்சைக் குழல் ஒரு பக்கம் வெடித்து, இதழ் நாக்கைத் தொங்கப்போட்டுவிடும். அதனால் குழலைச் சுற்றி நூல் கட்டி, தினமும் காலையில் ஒரு மயிரிழை தளர்த்துவார்கள். ஈபனின் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன.

"உன் விரல்தான் இதுக்கு சரி. உருவு முடிச்சாப் போடு, மொட்டு பெருத்தா அதுவே கொஞ்சம் இளகும்" என்று டிப்பியிடம் பட்டிழை ஒன்றைக் கொடுத்தார்.

அவள் கட்டினாள். அடுத்த இரண்டு நாள் சால்வை முடிக்க வேண்டிய கெடு. இருவரும் வெளிச்சம் இருக்கும்வரை தலை நிமிரவில்லை. வெளியே வெதுவெதுப்பான மழை. மூன்றாம் நாள் பாத்திக்குப் போனால், பட்டிழை குழலை அறுத்துக்கொண்டிருந்தது. குழல் கிழிந்து, அந்த வழியாக இதழ்கள் ஒரே பக்கம் சரிந்து தொங்கின.

ஈபன் குனிந்து பூவைப் பார்க்கவில்லை, நூலைப் பார்த்தார்.

"டிப்பி, இது என்ன முடிச்சு?"

அவளும் பார்த்தாள். தறிமுடிச்சு. அறுந்த இழைக்கு நாள் முழுக்க அவள் போடுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், எதற்கும் தளராது. மனசு உருவு முடிச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே விரல் தன் வழக்கத்தைச் செய்துவிட்டிருக்கிறது.

"நான் போடலய்யா. விரல் போட்டுருச்சு" என்றாள்.

ஈபன் முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார். பிறகு, "நல்ல முடிச்சுதான். சால்வையில இருந்தா கம்பெனிக்காரன் பூதக்கண்ணாடி வச்சாலும் கண்டுபிடிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் டிப்பி பதிலுக்கு ஏதாவது சொல்லித் தேற்றிக்கொண்டிருப்பாள்.

காட்சியில் கெண்டியைப் பக்கத்து வீட்டு ஹியூ பீடன் பரிசாக வாங்கினான். அது அவனுக்கு நாலாவது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னப்பா ஈபன், உன் பூ ஒரு பக்கமா சாய்ஞ்சு தூங்கிருச்சாமே?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

டிப்பி அவனைக் கவனிக்கவில்லை. சிறு மொட்டுக்கு அவள் புது இழை கட்டியிருந்தாள். இந்த முறை முடிச்சைக் கண்ணால் பார்த்துப் போட்டாள். தினமும் சக்கரத்தில் உட்காருமுன் பாத்திக்குப் போய், ஒரு நுனியை மெல்ல இழுத்துத் தளர்த்திவிட்டு வந்தாள். எதற்காக என்று அவளுக்கே தெரியாது. காட்சி முடிந்துவிட்டது. கெண்டி போய்விட்டது. நாத்தனாருக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

காட்சி முடிந்த அடுத்த வாரம் அது விரிந்தது. நாலா பக்கமும் ஒரே அளவாக, ஒரு இதழ்கூட வரிசை தப்பாமல். விளிம்பு எங்கும் அறுபடவில்லை. எந்தச் சாயக்காரனும் இத்தனை சுத்தமாக ஒரு கரை போட்டதில்லை. டிப்பி பார்த்துக்கொண்டே நின்றாள். ஈபன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"யார் வீட்டுல கிராம்பு போட்டுப் பன்னித்தொடை வேகுது?" என்று கேட்டுக்கொண்டே ஹியூ பீடன் சுவருக்கு மேல் தலையை நீட்டினான். பூவைப் பார்த்தான். அவன் தொப்பியும் கழன்றது.

"மூணு தளிர் கொடுப்பா. வேர் பிடிக்க வச்சுக்கறேன். என்ன விலைன்னாலும் சொல்லு" என்றான்.

"முடியாது" என்றார் ஈபன். "காட்சி மேஜையில நிக்காத புதுப் பூவ நம்ம பூக்காட்சி கிளப்புக்காரன் விக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியும். அடுத்த ஜூலையில வா."

"அடுத்த ஜூலைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்" என்றாள் டிப்பி. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "விக்கக் கூடாது, சரி. கடனத் தீர்க்கக் கொடுக்கலாமா?"

ஈபன் யோசித்தார். "கொடுக்கலாம்."

"அப்போ என் பாக்கிக்கு மூணு தளிர் கொடுங்க. நான் கிளப்புல இல்ல, நான் விக்கலாம். பொம்பளைய நீங்க சேர்க்கவும் மாட்டீங்க."

"சேர்க்கவே மாட்டோம்" என்றான் ஹியூ அவசரமாக.

அடுத்த வருஷம் இதே பூவை காட்சி மேஜையில் ஹியூ வைத்தால், ஈபன் தன் பூவோடு தானே மோத வேண்டும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நிமிஷம் செடியைப் பார்த்தார். பிறகு மண்டி போட்டு, ஒரு கையால் கணுவைப் பிடித்து மறு கையால் நுனியை உருவினார். உறையிலிருந்து கத்தி வருவதுபோல் தளிர் வந்தது. மெலிந்த தளிர்களும் அந்தச் செடியில் இருந்தன. அவர் இருப்பதிலேயே கொழுத்த மூன்றைத்தான் எடுத்தார். டிப்பி அதைப் பார்த்துக்கொண்டாள்.

தளிர்கள் டிப்பியின் கைக்கு வந்ததும், "என்ன கேக்குற?" என்றான் ஹியூ.

"கெண்டி."

"கெண்டியா? என் பொண்டாட்டி என்னைக் கொன்னுருவா."

"உங்க மேகியா? நாலு கெண்டியத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கை போச்சுன்னு கிணத்தடியில தினம் அழுவுறா. போய்க் கேட்டுட்டு வாங்க."

கேட்டுவிட்டு வந்தான். கையில் கெண்டி இருந்தது.

ஆகஸ்ட் முதல் தேதி வீட்டுக்காரன் வாடகையை வாங்கிக்கொண்டு போன பிறகு, டிப்பி தறிவீட்டுக்குள் வந்து ஈபனின் பலகையில் எட்டு பென்ஸை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"உங்க மிச்சம். கன்னான் பன்னெண்டு ஷில்லிங் கொடுத்தான். பாக்கி பதினொன்னு நாலுதானே?"

"நீயே வச்சுக்கோ. ரெண்டாவது மொட்டு கட்டின கூலி."

"அத முதல் மொட்டக் கெடுத்ததுக்குக் கழிச்சாச்சு" என்றாள். "கணக்கு தீர்ந்துச்சுய்யா. இனிமே கூலி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை."

காசைப் பலகையிலேயே விட்டுவிட்டுப் போய்ச் சக்கரத்தில் உட்கார்ந்தாள்.