கடல் தெரியாத அறை

அந்த ஊரில் அறை எடுத்துத் தங்குபவர்களின் கண்ணுக்குக் கடல் தெரியாது, காலிலும் படாது. கரையோரத்துக்குப் போகும் சாலைகள் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன, எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் அரை மணி நேரத்தில் மணலில் இறங்கிவிடலாம், ஆனால் இறங்குகிற இடத்தில் கடல் இருக்காது. அந்த ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எப்போதோ ஒரு பெரும் புயலுக்குப் பிறகு கரையை விட்டுக் கிளம்பியவர்கள்தான் அந்த ஊரைக் கட்டினார்களாம். கிளம்பும்போது கடலைப் பார்த்து இனி எங்கள் முகத்தில் விழிக்காதே என்று சொல்லிவிட்டு வந்தார்களாம். கடலும் அதை மனதில் வைத்துக்கொண்டதாம். எப்படியோ, ஊர் யாரையும் ஏமாற்றவில்லை. விடுதிகளின் வாசலில் ‘கடல் தெரியாத அறைகள், குறைந்த வாடகை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியே வைத்திருந்தார்கள். வெளியூர்க்காரர்கள்தான் அதை ஜன்னல் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்படி நினைத்தவர்களில் ஒருவர், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவருடைய மனைவி பூகோள டீச்சர். விரிகுடாவையும் முனையையும் செங்குத்துக் கரையான ஓங்கலையும் நீலச் சாக்பீஸால் கரும்பலகையில் வரைந்து வரைந்தே அவளுடைய சர்வீஸ் முழுக்கக் கழிந்தது, ஆனால் கடலை நேரில் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதிலேயே கூட்டிப்போவதாக அவர் சொல்லியிருந்தார். பொய்யாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவது வெயில் காலத்தில். ஊரில் உள்ள ஃப்ரிட்ஜ்கள் படுப்பதும் வெயில் காலத்தில். ஒவ்வொரு வருஷமும் அவள் பெட்டியை இறக்கித் தூசி தட்டுவாள், அவர் யாருடைய வீட்டிலோ கேஸ் நிரப்பிக்கொண்டிருப்பார், பெட்டி மறுபடி பரணுக்கு ஏறும். மகள் வளர்ந்து கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். டீச்சருக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. அன்றைக்கே அவள், “இந்த வருஷம் யார் வீட்டு ஃப்ரிட்ஜ் நாறினாலும் சரி, நான் போறேன். நீங்க வர்றதுன்னா வாங்க” என்றாள்.

அவளுடைய ஆசையெல்லாம் பாறை முனையில் இருந்த சின்ன ஊரின் மேல்தான். நாத்தனார் ஒருமுறை அங்கே தங்கிவிட்டு வந்து, “ஜன்னலத் தொறந்தா போதும் அண்ணி, கடல் உள்ளயே வந்து உக்காந்துக்கும்” என்று சொல்லிச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் கேட்கவில்லை. ஒயரிங் படத்தை விரிப்பதுபோல வரைபடத்தை மேஜையில் விரித்து, சாலைகள் கூடும் புள்ளியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார்.

“இங்க தங்கினா எல்லாமே பக்கம். காலைல ஒரு எடம், சாயங்காலம் ஒரு எடம். அந்தப் பாறை ஊர்ல தங்கினா எங்க போகணும்னாலும் ரெண்டு பஸ் மாறணும்.”

“நான் எங்கயும் போக வேண்டாம். கடலப் பாத்துட்டுச் சும்மா உக்காந்திருந்தாப் போதும்.”

“கடல் தெரியற ரூம்னு சொல்லி ரெண்டு மடங்கு வாங்குவான். ரூம்ல நாம தூங்கத்தானே போறோம்? கண்ண மூடிக்கிட்டு என்ன கடல்?”

அவருடைய வாதங்கள் எப்போதும் இப்படித்தான், எங்கே உடைப்பதென்று தெரியாத மாதிரி வழவழவென்று இருக்கும். மாத வாடகை என்றால் இன்னும் மலிவு என்று ஒரு மாதத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டார்.

அறை சொன்னபடியே இருந்தது. இரண்டு கட்டில், சுவர் விசிறி, துவைத்து மடித்த துண்டுகள், பஸ் நிலையத்தைப் பார்த்த ஜன்னல். மூலையில் இருந்த குட்டி ஃப்ரிட்ஜ் முனகியதை மெக்கானிக் வந்த கையோடு சரிசெய்து கொடுத்தார், விடுதிக்கார அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் அவர்கள் ஒரு விரிகுடாவில் இறங்கினார்கள். படிக்கட்டு இறங்கியதும் டீச்சர் நின்றுவிட்டாள். கண்ணுக்கெட்டிய வரை மணலும் சேறும் பாசிபிடித்த பாறைகளும்தான். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலே, வெறும் காற்றில் ஒரு குடும்பம் குப்புறப் படுத்துக் கைகாலை அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் இறங்கி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் கடந்து போன பெண் கூந்தலை உதறினாள். துளிகள் டீச்சரின் தோளை நோக்கி வந்து, தோளில் படாமலேயே இல்லாமல் போயின.

“தண்ணி இறங்கியிருக்கும்” என்றார் மெக்கானிக். “சாயங்காலம் ஏறிடும்.”

“ஓதம் இறங்கினா இவ்வளவு தூரமா இறங்கும்? நான் என்ன படிக்காமயா பாடம் நடத்தினேன்?”

“அப்ப வேற எடம் போவோம். அதுக்குத்தானே நடுவுல ரூம் போட்டிருக்கோம்.”

வேறு இடம் போனார்கள். அதற்கடுத்த இடமும் போனார்கள். கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு மூச்சு வாங்க ஏறிப் பார்த்தபோது அடிவானம் வரை பள்ளமும் மேடுமாகக் காய்ந்த நிலம் கிடந்தது, அதற்கு மேலே அந்தரத்தில் ஒரு கப்பல் புகைவிட்டபடி நகர்ந்துகொண்டிருந்தது. கரையில் படம் பிடிப்பவர் ஒருவர் அவளை நிற்கவைத்துப் படம் எடுத்துக் கொடுத்தார். படத்தில் அவள் இடுப்பளவு அலையில் நின்றாள், முகத்தில் எரிச்சலோடு. அந்தப் படத்தை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தான் நின்ற கடல் தனக்கு மட்டும் இல்லை என்பது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்குப் புரியவில்லை. நாத்தனார் வேறு தினமும் போன் போட்டு, “எப்படி அண்ணி, சொன்ன மாதிரியே இருக்கா?” என்று கேட்டாள். “இருக்கு இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டு டீச்சர் தலையணையைக் குத்தினாள்.

கடைசியில் விடுதிக்கார அம்மாவிடமே கேட்டாள். அந்த அம்மா துண்டு மடிப்பதை நிறுத்தவில்லை.

“எங்க ஊர்ல தங்கறவங்களுக்குக் கடல் வராதும்மா. போர்டுலயே எழுதியிருக்கோமே.”

“ஜன்னல் வழியாத் தெரியாதுன்னுதானே எழுதியிருக்கீங்க!”

“ஜன்னல்னு எங்கம்மா எழுதியிருக்கோம்?” என்றாள் அந்த அம்மா நிதானமாக. “கடல் பாக்கணும்னா அங்கயே தங்கணும். இங்க எல்லாத்துக்கும் வசதி, கடலத் தவிர.”

டீச்சர் மாடிக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை என்று சொல்ல முடியாது. அவர் கண்ணாலேயே கப்பலைப் பார்த்தவர்தான். ஆனால் முன்பணம் கட்டியாயிற்று, சீசனில் கரையோரம் எங்கும் இடமில்லை, மாதம் முடியட்டும், அதற்குள் ஏதாவது ஒரு கரையில் கொஞ்சமாவது தண்ணீர் வராமலா போகும் என்றார். ஊரைத் தேர்ந்தெடுத்தது தப்பு என்ற ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக டீச்சர் ஒரு வாரம் காத்திருந்தாள். அந்த ஒரு வாரமும் காய்ந்த பள்ளங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் கால்விரல் இடுக்கில் ஒரு மணல் துகள்கூட ஈரமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு மத்தியானம் பெட்டியைக் கட்டினாள்.

மெக்கானிக் சண்டை போட்டுக்கொண்டே பின்னால் வந்தார்; பெட்டியை அவர்தான் தூக்கி வந்தார். பாறை முனை ஊரில் கிடைத்தது ஒரே ஒரு அறை, ஐஸ் கம்பெனியின் மாடியில். இரும்புக் கட்டில், மீன் நாற்றம், தரை முழுக்க ஒரு நடுக்கம். மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். “கீழ கம்ப்ரஸர்ல பேரிங் போயிருக்கு. இந்தச் சத்தத்துல மனுஷன் தூங்குவானா?”

டீச்சர் ஐஸ் கம்பெனிக்காரரிடமிருந்து சாவியை வாங்கினாள். சாவி உள்ளங்கையில் விழுந்ததும் வெளியிலிருந்து வந்த ஒரு இரைச்சலில் கம்ப்ரஸர் சத்தம் அமுங்கிப்போனது. முதலில் பஸ் ஏதோ வருகிறது என்றுதான் நினைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். பாறைக்குக் கீழே இருந்து அடிவானம் வரை, இத்தனை வருஷம் கரும்பலகையில் கையெல்லாம் சாக்பீஸ் தூளாக அவள் தீட்டிய நீலம், தீட்டியதைவிடக் கொஞ்சம் பச்சையாக, நகர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. எல்லா வருஷமும் இது இங்கேயே இருந்திருக்கிறது. ஒரு அலை பாறையில் மோதி எழும்பி ஜன்னல் வழியாக அவள் முகத்தில் அடித்தது. மெக்கானிக்கும் பக்கத்தில்தான் நின்றார். அவர் சட்டை நனையவில்லை.

“என்ன, திடீர்னு உனக்கு இப்படி வேர்க்குது?” என்றார்.

“இங்க தங்குங்க. ஒரு நாள். ஒரே ஒரு நாள்.”

“அங்க முன்பணம் கட்டியிருக்கேனே” என்றார் அவர். கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

மாதம் முடிந்தது. டீச்சர் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்றாள். தான் போட்ட அறை வீணான அறை என்று ஆகிவிடக் கூடாதென்று மெக்கானிக்கும் திரும்பவில்லை. இன்னொரு மாதம் போட்டார், பிறகு வருஷக் கணக்கில் போட்டார். விடுதிக்குக் கீழேயே ஒரு ஃப்ரிட்ஜ் கடை திறந்தார். கரையோரத்து ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் அவருக்கு வேலை வந்தது, எல்லா ஊரும் பக்கம் என்பதால் எல்லாவற்றுக்கும் போய்வர முடிந்தது. இதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாறை முனைக்கு வந்து அவளிடம் சொல்லிக்காட்டுவார். அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நாள் தங்கச் சொல்லுவாள். மகள் வந்து இருவருக்கும் நடுவில் நின்று பார்த்துவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் எக்கேடோ கெட்டுப் போங்க” என்று சொல்லி, இரண்டு அறையிலும் தங்காமல் அன்றைக்கே ஊருக்குப் போனாள். ஐஸ் கம்பெனியின் பேரிங்கை மெக்கானிக்தான் மாற்றிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை.

டீச்சர் அந்த வயதில் நீந்தக் கற்றுக்கொண்டாள். முதலில் கரையோரமாக, பிறகு பாறை முனையைத் தாண்டியும் போக ஆரம்பித்தாள். அவளோடு பேசவேண்டும் என்றால் மெக்கானிக் கூடவே நடக்கவேண்டியிருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே அவள் நீந்துவாள், கீழே கடலடியில் அவர் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நடப்பார். மீன்கள் அவரைச் சுற்றிப் போகும். அந்தரத்தில் போகிறதே என்று அவர் ஆச்சரியப்படுவதை நிறுத்திப் பல காலமாயிற்று. படகுக்காரர்கள் குடையைப் பார்த்தால் துடுப்பை ஒதுக்கிப் போடுவார்கள். அவர் பேசுவது குமிழிகளாக மேலே வந்து அவள் காதோரம் உடையும். புதிதாக ஒரு பஸ் விட்டிருக்கிறார்கள் என்பார். அவள் கேட்க விரும்புவது அதுவல்ல; அவள் பாடம் நடத்திய, ஆனால் எந்தக் கடல் பார்ப்பவரும் பார்க்க முடியாத அடித்தரையைப் பற்றிக் கேட்பாள்.

“அங்க தரை எப்படிப் போகுது?”

“போகுது, கொஞ்சம் கொஞ்சமா எறங்குது. இந்தா, இங்க முடிஞ்சிடுச்சு. செங்குத்தாப் பள்ளம். அடி தெரியல.”

“அதுதாங்க சரிவு. ஓரத்துல நிக்காதீங்க.”

“எனக்கென்ன, விழுந்தாலும் நனைய மாட்டேன்” என்றார் அவர். பிறகு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று திரும்பினார். அவளும் மேலே திரும்பினாள். அவள் நிழல் அவர்மேல் விழுந்தது. கொஞ்ச தூரம் அதற்குள்ளேயே நடந்து பார்த்தார், வெயில் படவில்லை. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.