ஒரு புஸ்பம் எத்தனை மீற்றர்?

கணக்குக்கும் எனக்கும் ஆகாது. அதற்குப் பயந்துதான் உயர்தரத்தில் உயிரியல் எடுத்தேன். தப்பிவிட்டேன் என்று நினைத்துக் கடலியல் வகுப்புக்குள் காலை வைத்தால், முதல் பாடமே அடிப்படைக் கணிதம். கம்சாயினி மெடம் வைத்த சோதனையில் இரண்டு தரமும் கோட்டை விட்டேன். பெருக்கல், வகுத்தல் எல்லாம் ஓரளவு சரி. ஆனால் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரே கேள்வி: "மதுஷா, அலகு எங்கே?" பன்னிரண்டு என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன். அது பன்னிரண்டு மீற்றரா, கிலோவா, முட்டையா என்று மெடம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்குக் கடைசி வாய்ப்பாக, எல்லோரையும் சோடி சோடியாக வாவியின் ஆழத்தை அளந்து ஆளுக்கோர் அறிக்கை எழுதச் சொன்னார். இதிலும் தவறினால், அடுத்த மாதம் வகுப்பே கப்பலேறி ஆழ்கடலுக்குப் போகும்போது நான் கரையில் நின்று கையாட்ட வேண்டியதுதான். நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்தக் கப்பலுக்காக.

எனக்குக் கூட்டாக வந்தவன் றோய். கணிதத்தில் 'ஏ' எடுத்தவன். அதை அவன் சொல்லாத நாள் இல்லை.

செட்டிபாளையத்தில், வாவியில் மீன்பிடிக்கும் இளையதம்பி மாமாவின் தோணியில் ஏறினோம். ஆழம் பார்க்க அவரிடம் ஒரு கயிறு இருந்தது. நுனியில் கல், பாகத்துக்கு ஒரு முடிச்சு. பாகம் என்றால் இரண்டு கைகளையும் விரித்த நீளம்.

"ஒரு பாகம் எண்டா ஒண்டு தசம் எட்டு மூண்டு மீற்றர்" என்றான் றோய். சொன்னதோடு விடவில்லை. மாமாவைக் கையை விரிக்கச் சொல்லி நாடா பிடித்தான். மாமா ஆறடி ஆள். சொல்லி வைத்தாற்போல நூற்று எண்பத்து மூன்று சென்ரிமீற்றர். அப்போது அவன் முகத்தில் வந்த பெருமையை அளக்க அந்த நாடா போதாது.

ஐந்து இடங்களில் அவன் சொன்னான், நான் எழுதினேன். ஆறாவது இடத்தில் கல் தரை தட்டியபோது இரண்டாவது முடிச்சு சரியாக நீர்மட்டத்தில் நின்றது.

"மூண்டு தசம் ஆறு ஆறு. எழுது."

நான் எழுதவில்லை. தோணி நகராமலிருக்க மாமா ஒரு கம்பை ஊன்றிப் பிடித்திருந்தார். அதன் நுனி தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கம்பைத் தூக்கச் சொல்லி அளந்தேன். முழுக் கம்பே மூன்று மீற்றர் இருபது. நனைந்தது இரண்டு மீற்றர் தொண்ணூற்றிரண்டு.

"கம்பு சேத்துல புதைஞ்சிருக்கும்" என்றான் றோய்.

"புதைஞ்சா இன்னும் கூடத்தானே நனையும்!"

அவன் நாடாவை வாங்கித் தானும் ஒருமுறை அளந்து பார்த்தான். பிறகு, "கணக்குல ஆருக்கு ஏ?" என்று கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமாகவும் இருந்தது. அவன் சொல்வது சரியாக இருந்து நான் மாற்றி எழுதினால் என் கப்பல் போய்விடும். இரண்டு தசம் ஒன்பது இரண்டை, முடிச்சு இரண்டு என்பதால் இரண்டால் வகுத்தேன். மூன்று தரம் வகுத்தும் ஒன்று தசம் நான்கு ஆறுதான் வந்தது.

"மாமா, இந்த முடிச்செல்லாம் நீங்களா போட்ட?"

"எனக்கெங்க மகள் அதுக்கெல்லாம் பொறுமை? உங்கட மாமிதான் கையை விரிச்சு விரிச்சுக் கட்டினவ."

கரையில் மீன் கூடையோடு நின்றார் புஸ்பம் மாமி. மாமாவின் தோளுக்குக்கூட எட்டமாட்டார். நான் தோணியிலிருந்து குதித்து ஓடினேன்.

"மாமி, கையை விரியுங்க!"

"என்னத்துக்குகா? சட்டை தைக்கப் போறியா?"

நூற்று நாற்பத்தாறு சென்ரிமீற்றர். மீன் வாடையோடு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

றோய் மசியவில்லை. "ஆளுக்கு ஆள் மாறினா அது அலகா? மெடம் சிரிப்பா. நான் மாத்த மாட்டன்."

நாலு மணிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். வந்தாறுமூலையில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பஸ்ஸில், மடியில் கொப்பியை வைத்து எல்லா ஆழத்தையும் திருப்பிக் கணக்குப் போட்டேன். பாகம் என்று எழுதினால் மெடமும் றோயின் கணக்கைத்தான் நினைப்பார். அதனால் முதல் வரியிலேயே எழுதினேன்: 'கயிற்றில் முடிச்சிட்டவர் பெயரால், 1 புஸ்பம் = 1.46 மீற்றர்.' அதன் கீழே கம்பின் கணக்கையும் போட்டேன். கொடுத்துவிட்டு வந்து இரவு முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த கிழமை அறிக்கை திரும்பி வந்தது. முதல் பக்கத்திலேயே சிவப்பு மை. புஸ்பத்தைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில், "அலகு இருக்கிறது. கப்பலுக்கு வரவும்."

வகுப்பென்றும் பாராமல் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தேன். றோய் தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தான். இழுத்து எடுத்தேன். அதே சிவப்பு மை: "அலகு எங்கே? இது யாருடைய பாகம்?"

அதை அவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம்.