ஓமனாவுக்கு ஒரு புறவாசல்

1

மனிதகுலம் குகையை விட்டு இறங்கிய நாளிலிருந்து இன்றுவரை தேடிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றைத்தான். அதற்கு வீடு என்று பெயர்.

இந்த வரியை எழுதிவிட்டு அதன் அழகை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அஜிதா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"சாளை கழுவ எடம் இல்லாத்தவளுக்க கதைன்னுல்லா சொன்னிய? குகை எங்க இருந்து வந்தது?"

உண்மைதான். இந்தக் கதை சாளை மீனிலிருந்து பிறந்தது. பக்கத்து வீட்டு ஓமனா மீன் கழுவவும் சோறு வைக்கவும் எங்கள் வீட்டுப் புறவாசலுக்கு வருகிறாள். அவளுக்கு வீடு இல்லாமல் இல்லை. திருவட்டாறு போகும் பஸ்ஸில் இருப்பவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் வீடு அவளுடையது.

2

(தொடக்கம், இரண்டாவது முயற்சி.)

அந்நிய நகரமொன்றின் பதினேழாவது மாடியில் நின்றபடி ஓமனா தன் ஊரின் பசுமையை எண்ணி —

இல்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன். "ஊரையா? துணி ஒணங்கல்லியேன்னுதான் அண்ணா நெனச்சிட்டு நின்னேன்."

நகரத்தின் பெயர் வேண்டாம். இதை வாசிப்பவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பீர்கள். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. வெளியே நின்று பார்த்தால் அதில் வானம் தெரியும். உள்ளே இருந்து பார்த்தால் எதிர்க் கட்டடக் கண்ணாடியில் இந்தக் கட்டடம் தெரியும். ஜன்னல் திறக்காது. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. நகரத்தின் அழகு கெட்டுவிடுமாம். (அந்த அழகைக் கயிற்றில் தொங்கித் துடைத்தவர்கள் தங்கள் பனியனை எங்கே காயப்போட்டார்கள் என்று எந்த அதிகாரியாவது கேட்டிருப்பானா?) ஓமனா துணியைக் குளியலறையில் போட்டாள். அது காயாமல் நாறியது. நாறிய துணியை மறுபடியும் துவைத்தாள். இப்படிப் பல வருடம்.

ஒருநாள் ஆசைப்பட்டுச் சாளை பொரித்தாள். கூரையில் இருந்த புகை அலாரம் அலறியது. கட்டடமே படியிறங்கித் தெருவில் நின்றது. நடுவில் நைட்டியோடு, கையில் சட்டுவத்தோடு ஓமனா. யாரும் திட்டவில்லை. ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுநாள் லிஃப்டில் அறிவிப்பு ஒட்டினார்கள்: கடும் மணமுள்ள உணவுகளைத் தவிர்க்கவும். எந்த வீடு என்று போடவில்லை. போட்டிருந்தால் அவமானம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்கிறாள் ஓமனா.

அன்று கணவன் அனில்குமாரிடம் சொன்னாள்: "ஊர்ல வீடு வைக்கும்போ எனக்கொரு புறவாசல் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"செரி" என்றான் அனில்குமார்.

(அடிக்குறிப்பு: புறவாசலைக் குறியீடு என்று யாராவது கட்டுரை எழுதக்கூடும். வேண்டாம். செதில் உரசும் கல், கழுவிய வெள்ளம் போக வாழைமூடு, குடலுக்குக் காத்திருக்கும் பூனை. அவ்வளவுதான்.)

3

அனில்குமாரை வில்லனாக்கத் தீர்மானித்து முதல் பிரதியில் அவனுக்கு ஒரு தங்கச் சங்கிலியும் போட்டேன். பிறகு கழற்றினேன். அவனுக்கு அங்கே வேலையே கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துவது. வெளியே தொங்கிக்கொண்டு மாட்டியவனுக்கு, சொந்தக் கண்ணாடிக்கு உள்ளே நிற்க வேண்டும் என்று ஆசை. அதை எப்படிக் குற்றம் சொல்வது? இப்படிச் சொல்லலாம்: அவன் ஊரில் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் அந்தக் கட்டடத்தின் ஒரு மாடியை அறுத்துக் கொண்டுவந்து வைத்தான். பின்சுவர் முழுக்கத் திறக்காத கண்ணாடி. அதற்கு அப்பால் மழை பெய்தால், சத்தத்தை அணைத்த டிவியில் பெய்வதுபோல் இருந்தது.

"புறவாசல் எங்க?" என்றாள் ஓமனா.

"வாசல் வச்சா எலிவேஷன் போயிரும். வெளிய நிண்ணு பாக்க ஒரு அழகு வேண்டாமா?"

"பொறத்தால எலிவேஷன ஆரு பாக்கப் போறா?"

"ரப்பர் வெட்ட வாறவன் பாப்பான்லா?"

(இந்த இடத்தில் இருந்த இரண்டு பக்கச் சொற்பொழிவை அஜிதா அடித்துவிட்டாள். ஒரு வரியை மட்டும் ஒளித்து வைத்தேன்: வெளிநாட்டில் அந்நியராக இருப்பதற்காவது சம்பளம் தருகிறார்கள்.)

4

புதுவீட்டுப் பால்காய்ப்பு அன்று ஊரே வந்திருந்தது. புது அடுக்களையில் இண்டக்ஷன் என்கிற மின்காந்த அடுப்பு. அதன்மேல் ஓமனாவின் அம்மா கொடுத்த வெண்கலப் பானையை வைத்ததும் அது கீச்சென்று கத்தி அணைந்தது. அந்த அடுப்புக்கு வெண்கலம் என்றால் என்னவென்றே தெரியாது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

"சவத்த விடு. மூணு செங்கல்ல வைங்கடே" என்றார் அனில்குமாரின் மாமா சுந்தரராஜ்.

பளிங்குத் தரையில் செங்கல் வைத்து, சிரட்டையும் காய்ந்த தென்னஞ்சூட்டும் கூட்டித் தீ வைத்தார்கள். புகைக்குப் போக வழியில்லை. கூரையில் அலாரம் அலறியது. ஆமாம், அதே அலாரம். அனில்குமார் மறக்காமல் வாங்கி வந்திருந்தான்.

இனி வருவதை நான் கற்பனை செய்ததாக நினைப்பீர்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்தவர்கள். சத்தம் கேட்டதும் அங்கத்திய தீ ஒத்திகைப் பழக்கதோஷத்தில் பேசாமல் எழுந்து, வரிசையாக வெளியேறி, முற்றத்தில் கூடித் தலை எண்ணத் தொடங்கினார்கள். மாமா சுந்தரராஜ் மட்டும் உள்ளே இருந்தார். அவர் பக்கத்து ஊரான குலசேகரம் தாண்டிப் போனதில்லை.

ஓமனா அழவில்லை. பானையைத் தூக்கினாள். வரிசையைக் கடந்து, தெருவைச் சுற்றி, எங்கள் புறவாசலுக்கு வந்து அஜிதாவைக் கூப்பிட்டாள்.

"மைனி, அடுப்பக் கூட்டுங்க."

"ஏட்டி, பட்டுச்சேலை கரியாவும்."

"ஆவட்டு."

பால் எங்கள் அடுப்பில் பொங்கியது. முறைப்படி பார்த்தால் புதுவீடு புகுந்தது நாங்கள்தான் என்று சுந்தரராஜ் தீர்ப்புச் சொன்னார். அனில்குமார் பின்னாலேயே வந்து நின்றான்.

"வா ஓமனா. ஆளுவ நிக்குது."

"அங்க ஒரு தடவ எல்லாருக்க முன்னாலயும் நின்னாச்சி. எனக்க சொந்த வீட்லயும் நிக்கணுமா? வாசல் வச்சிட்டு விளிங்க. அப்பம் அடுப்பு பத்த வைக்கேன்."

இன்றுவரை அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அனில்குமாரின் லீவு முடியப்போகிறது.

5

முடிவுகள்.

(அ) அனில்குமார் தன் கையாலேயே கண்ணாடியை அறுத்து வாசல் வைக்கிறான். நீங்கள் கண் கலங்குவீர்கள். ஆனால் நேற்றும் அவன் அதைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

(ஆ) ஓமனா மீன் உரசும் கல்லை எடுத்து எறிகிறாள். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். அவளிடம் வாசித்துக் காட்டினேன். "நல்ல கல்லாக்கும் அண்ணா, ஒடஞ்சி போவும்."

(இ) அவன் விமானம் ஏறுகிறான். அவள் பழகிக்கொள்கிறாள். நடக்கக்கூடியது இதுதான். அதனாலேயே எழுத மாட்டேன். நாலு சுவருக்கும் ஓர் எலிவேஷனுக்கும் பெண்கள் பழகிக்கொள்வார்கள் என்று நம்பித்தான் இந்த ஜில்லா முழுக்க வீடு கட்டுகிறார்கள். நீங்களே எழுதுங்கள். அந்தக் கண்ணாடியில் எந்த இடத்தில் வாசல் வரும் என்று ஒரு கோடாவது போடுங்கள்.

அல்லது ஓமனாவையே கேட்டுவிடலாம். இதோ, எங்கள் புறவாசலில் செதில் உரசும் சத்தம் கேட்கிறது. எழுந்து அடுக்களை வழியாகப் போனேன். கதவு சாத்தியிருந்தது. இழுத்தேன், தள்ளினேன். அஜிதா கடைக்குப் போயிருந்தாள்.

எங்கள் வீட்டுப் புறவாசல் கதவு எப்படித் திறக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. முன்வாசல் வழியாகச் சுற்றிப் போனேன்.