பால் சிந்தாத வேன்

"சர்டிபிகேட் வாங்கிட்டு வரத்தானப்பா அனுப்புனேன், கத்துக்கிட்டு வரச் சொன்னனா—"

"மொதலாளி, நான் சொல்லுததைக் கொஞ்சம்—"

"மூணு நாளு கோயமுத்தூருல தங்க வெச்சு, சோத்துக்கும் குடுத்து அனுப்புனா, போனவன் வண்டி ஓட்டறதையே மறந்துட்டு வந்து நிக்கறே—"

"ஓட்டுததுல ஒரு குறையும் இல்ல மொதலாளி, அந்தப் பால்—"

"பாலைப் பத்தி நீ பேசாதே. மணி என்ன? எட்டு அம்பத்திரண்டு. எட்டரைக்கு ஓடற மெஷினெல்லாம் ஆளில்லாம கெடக்குது."

நல்லூரில் எங்கள் பனியன் கம்பெனி வாசலில் நடந்த பேச்சு இது. பேசியவர் முதலாளி சுப்பையன். பேசப் பார்த்தவர் வேன் டிரைவர் அந்தோணிராஜ். மூலனூரிலிருந்து அந்த வேனில் வந்து இறங்கிய பதினெட்டுப் பெண்களும், காதில் எதுவும் விழாதவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் முதலாளிக்குப் பாதுகாப்பு என்றால் உயிர். தீயணைக்கும் சிலிண்டர்களை, கம்பெனியைச் சோதிக்கும் ஆடிட்டுக்கு முந்தின நாள் தவறாமல் துடைத்து வைக்கச் சொல்வார். முதலுதவிப் பெட்டியில் இருக்கும் மருந்தை யாராவது அடிபட்டுக்கொண்டு தீர்த்துவிடுவார்களோ என்று அதன் சாவியை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார். அப்படிப்பட்டவருக்கு, துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கடிதம் போட்டார்கள். ஆட்களை ஏற்றிவரும் டிரைவர், விபத்து வராமல் ஓட்டும் மேல்பயிற்சி முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது. அந்தோணிராஜைக் கோயமுத்தூருக்கு அனுப்பினார். மூன்று நாளும் சாயங்காலம் போன் போட்டு, "குடுத்துட்டாங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். கொடுத்ததும் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். அதோடு பயிற்சி முடிந்தது என்று நினைத்தார்.

அந்தோணிராஜ் வேறு மாதிரி நினைத்துவிட்டார்.

வண்டியை எடுக்கும் முன் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் பார்த்தார். எல்லோரையும் பெல்ட் போட வைத்தார். முன்னால் போகும் லாரிக்கு ஒரு வீட்டு மனை அளவு இடம் விட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டும்போது வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தார்.

"இடது பக்கம் டீக்கடை. ஒருத்தர் போனைப் பாத்துக்கிட்டே ரோட்டுல எறங்குதாரு. வலது பக்கம் மாடு. கயிறு இல்ல."

செக்கிங் பிரிவு சின்னாத்தாளுக்கு இரண்டாம் நாளே பொறுக்கவில்லை. "ஏனுங்க அந்தோணி, மாட்டுக்குக் கயிறு இருந்தா உங்களுக்கென்னங்க, இல்லாட்டி என்னங்க?"

"கயிறு இருந்தா அது நீளத்துக்குத்தான் வரும்க்கா. இல்லாத மாடு எங்க வேணா வரும். கண்ணுல படுததை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஓட்டணும்னு சொல்லிக் குடுத்திருக்காவ."

"அப்படிங்களா. எங்கூட்டுக்காரரையும் அந்தக் கோர்ஸுக்குச் சேத்துடுங்க. கொடியில தொங்கற சட்டை அவருக்குத் தெரியறதே இல்லீங்க."

எங்களுக்கு வந்த சங்கடம் வேறு. ஆபீசில் வேலை பார்க்கும் வினிதா ஒவ்வொரு ஆடிட்டுக்கும் முன்னால் எங்களை நிற்க வைத்துப் பாடம் கேட்பாள். "வேன் என்ன ஸ்பீடுல வருங்க்கா?" "அறுபதைத் தாண்டாதுங்க." "பெல்ட்டு?" "எல்லாரும் போடுவமுங்க." எத்தனையோ வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தது இது. பழகின பொய் ஒரே வாரத்தில் உண்மையாகிவிட்டால், அதை எந்த முகத்தோடு சொல்வது?

தாமதத்துக்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேன் தினமும் மூலனூரில் முதலாளியின் தோட்டத்தில் நின்று, ஒரு கேன் பாலும் நாலு கட்டு முருங்கைக்காயும் ஏற்றும். நல்லூர் வந்ததும் முதலாளி வீட்டுச் சந்துக்குள் நுழைந்து, அதை இறக்கிவிட்டுத் திரும்பி, பிறகு கம்பெனிக்கு வரும். முதலில் பால், அப்புறம் ஆள். அதில் போகும் நேரத்தை முன்பெல்லாம் அந்தோணிராஜ் ரோட்டில் பிடித்துவிடுவார். எப்படிப் பிடித்தார் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாமி கும்பிட்டுக்கொண்டிருப்போம்.

பயிற்சியைப் பாராட்டியவர் முதலாளி வீட்டு அம்மா ஒருவர்தான். "இப்பெல்லாம் பால் ஒரு சொட்டு சிந்தறதில்லீங்க அந்தோணி."

அன்றைக்கு வாசலில் முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கு ராத்திரி தோட்டத்துல தங்கி, நாளைக்கு வெடியால நானே வேன்ல வரேன். எட்டரைக்கு வண்டி கேட்டுக்குள்ள நிக்கோணும். நிக்கலீனா சாவியைக் குடுத்துட்டு நீ போயிட்டே இருக்கலாம்."

அந்தோணிராஜுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. மகள் ஆஷா இங்கே பத்தாவது படிக்கிறாள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கிறது. இந்த வேலை போனால் குடும்பத்தோடு தூத்துக்குடிக்குத்தான் திரும்ப வேண்டும்.

மறுநாள் தோட்டத்து வாசலில் முதலாளி வெள்ளைச் சட்டையோடு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"பெல்ட்டுப் போடுங்க மொதலாளி."

"இது என்ற வண்டியப்பா."

"உங்க வண்டிதான். பெல்ட்டுப் போடாம வண்டி நகராதுன்னு உங்க கம்பெனிச் சுவத்துல ஒட்டியிருக்கு. கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு."

முன்சீட்டு பெல்ட்டை இதுவரை யாரும் இழுத்ததே இல்லை. இழுத்தபோது, அதன் அழுக்கு முதலாளி சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே ஒரு கறுப்புக் கோடு போட்டது. சின்னாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போலாமா மொதலாளி?"

"சித்த இருப்பா. கறவை இன்னம் முடியல."

அந்தோணிராஜ் நேரே பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். "மணி ஆறு அம்பது. வண்டி நிக்குது. ரோட்டுல தடை ஒண்ணும் இல்ல."

"யாருக்குப்பா சொல்றே?"

"எனக்குத்தான் மொதலாளி. பயிற்சி." கொஞ்ச நேரம் கழித்து, "மணி ஏழு. பின்சீட்டுல முருங்கைக்காய் ஏறுது. காய்க்குப் பெல்ட்டு இல்ல. மணி ஏழு அஞ்சு. பால் ஏறுது. வண்டி கெளம்புது."

தாராபுரம் தாண்டியதும் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. முன்னால் ஒரு டிப்பர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஏறுப்பா. எதுக்க ஒண்ணுமே வர்ல, ஏறிப் போ."

"முன்னால டிப்பர். அவன் கண்ணாடி எனக்குத் தெரியல. அப்ப நான் அவனுக்குத் தெரியல. வலது பக்கம் செம்மண் தடம் பிரியுது."

"அட, போன மாசம் வரைக்கும் இதே எடத்துல நாலு லாரியைத் தாண்டுனவந்தானே நீ? உன்னைப் படிக்க வெச்சதுதான்—"

டிப்பர் கையும் காட்டாமல் விளக்கும் போடாமல் வலது பக்கம் செம்மண் தடத்துக்குள் திரும்பியது. அந்தோணிராஜ் பிரேக்கைக்கூட அழுத்தி மிதிக்கவில்லை. விட்டிருந்த இடம் போதுமாக இருந்தது. கேனில் பால் லேசாக ஆடி அடங்கியது.

"டிப்பர் திரும்பிட்டான். பாதை காலி," என்றார் அந்தோணிராஜ்.

முதலாளி கதவுக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நல்லூர் வருகிறவரை அந்தக் கைகள் இறங்கவில்லை. பயிற்சி அவருக்கும் கொஞ்சம் ஏறிவிட்டது என்று சின்னாத்தாள் என் காதோடு சொன்னாள்.

நல்லூரில் பாதை பிரியும் இடத்தில் அந்தோணிராஜ் வண்டியை ஓரம் கட்டினார். நியூட்ரலுக்கு வந்தார். கைப்பிரேக்கை இழுத்தார்.

"ஏப்பா நிறுத்திட்டே?"

"மணி எட்டு இருபத்திரண்டு மொதலாளி. இடது பக்கம் கம்பெனி. ஆறு நிமிசத்துல கேட்டுக்குள்ள நிக்கலாம். வலது பக்கம் உங்க வீடு. பாலை எறக்கிட்டுச் சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுத்துத் திரும்ப எட்டு அம்பது ஆவும்."

முதலாளி வாட்சைப் பார்த்தார். பின்னால் திரும்பிப் பாலைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் முருங்கைக்காய்க் கட்டை மடியில் வைத்திருந்த எங்களையும், அநேகமாக முதல் தடவையாக, பார்த்தார்.

அவர் போன் அடித்தது. வீட்டு அம்மாவின் குரல் வேன் முழுக்கக் கேட்டது. "ஏனுங்க, பாலு எங்க வருதுங்க? காங்கேயத்துல இருந்து ஒறம்பரைச் சனம் வந்து கூடம் நெறையா உக்காந்திருக்காங்க. காபி வெக்க ஒரு சொட்டுப் பாலில்லீங்க."

"வந்துட்டம்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எந்தப் பக்கம் வந்துவிட்டோம் என்று சொல்லவில்லை.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அந்தோணிராஜ் கண்ணாடியில் அதைப் பார்த்து, "பின்னால பஸ்ஸு, அவசரத்துல இருக்காரு," என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். பிறகு வண்டிச் சாவியில் ஒரு கையும், இண்டிகேட்டரில் ஒரு கையுமாக முதலாளி பக்கம் திரும்பினார்.

"எந்தப் பக்கம் போட, மொதலாளி?"