முப்பத்திநான்காம் தொட்டி

அந்தச் சதுப்புநில ஆராய்ச்சி நிலையத்தின் பின்முற்றத்தில் அறுபது சிமெண்ட் தொட்டிகள். எல்லாவற்றிலும் கோரை. முதல் இருபதில் கழுத்து முட்டத் தண்ணீர். மூச்சுக்காகச் செடி மேலே மேலே நீண்டுகொண்டே போக வேண்டும். அடுத்த இருபதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மேலே கூரையும் உண்டு, மழைகூட ஏமாந்து போகும். கடைசி இருபதில் தண்ணீர் அளவாக உண்டு, கூடவே ஆள் உயரச் சம்புப் புல்லும் உண்டு. அது வெயிலை எல்லாம் தானே வாங்கிக்கொண்டு கோரையை நிழலில் நிறுத்திவிடும். கூட்டுக் குடித்தனம் என்றால் அப்படித்தான்.

இவற்றைத் தினமும் காலை ஏழு மணிக்கு அளப்பவருக்கு ஸ்கேல் என்று பெயர். அம்மா அப்பா வைத்தது வேறு; அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. பதினோரு வருடமாக அவர் தற்காலிக ஊழியர். தற்காலிகம் என்பதற்கு இத்தனை நீளம் உண்டு என்று சேரும்போது யாரும் சொல்லவில்லை.

தண்ணீர் இல்லாத வரிசையில் மூன்றே மாதத்தில் பத்தொன்பது தொட்டிகள் பழுத்துக் கருகின. படிவத்தில் இரண்டே கட்டங்கள்: உயிர், சாவு. ஸ்கேல் பத்தொன்பது தடவை சாவு என்று எழுதினார். ஒவ்வொரு தடவையும் மனசு சங்கடப்பட்டது. முப்பத்திநான்காம் தொட்டி மட்டும் இடுப்பளவு வளர்ந்து பச்சைப் பசேலென்று நின்றது. மண்கூட லேசாக ஈரமாக இருந்தது. டைரக்டர் அந்த ஈரத்துக்கும் ஒரு விஞ்ஞானப் பெயர் வைத்தார்.

"வறட்சியை ஜெயிச்ச கோரைய்யா இது! திங்கட்கிழமை கூட்டத்துல சொல்லப் போறேன். செத்த பத்தொன்பதையும் அன்னிக்கே லாரியில ஏத்தி அனுப்பிடு. உன் பர்மனென்ட் ஆர்டர் டைப் ஆயிடுச்சு. கூட்டம் முடிஞ்சதும் கையெழுத்து."

ஸ்கேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தக் குஷியில்தான் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, வழக்கமில்லாத நேரத்தில், முப்பத்திநான்கை இன்னொரு தடவை பார்க்கப் போனார். தரை துடைக்கும் அக்கா பக்கெட்டை அதில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"நீதானே தம்பி சொன்னே? படியில ஊத்தினா வழுக்குது, வறண்ட இடமா பாத்து ஊத்துங்கன்னு. இதுல 'வறண்ட தொட்டி'ன்னு போர்டே வெச்சிருக்கே."

போர்டு எழுதியதும் அவர்தான். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

"தினமுமா?"

"ஒரு நாள் தவறினது இல்ல. லீவு போட்டாகூட என் தங்கச்சி வந்து ஊத்திட்டுப் போவா."

வாயை மூடிக்கொண்டு இருந்தால் திங்கட்கிழமை உத்தரவு கைக்கு வந்துவிடும். அரை மணி நேரம் நன்றாகவே மூடிக்கொண்டிருந்தார். பிறகு மனசு கேட்காமல் முப்பத்திநான்கின் ஓரத்தைக் கிளறினார். சொகுசாக வளர்ந்த செடிக்கு நூல் நூலாக வேர், வேறொன்றும் இல்லை. பக்கத்தில் செத்துப்போன முப்பத்தைந்தைக் கிளறினார். மண்ணுக்குள் கொட்டைப்பாக்கு அளவில் கிழங்குகள், கருப்பாக, கல் மாதிரி. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஈரம். இருந்ததையெல்லாம் கீழே இறக்கிவிட்டு, மேலே கடையைச் சாத்திவிட்டது. முப்பத்தாறிலும் அதே கதை. உயிரோடு இருப்பவற்றையா லாரியில் ஏற்றுவது என்று நினைத்தபடியே கீறிய கிழங்குகளை மறுபடி மண்ணுக்குள் வைத்து மூடினார்.

நேராக டைரக்டர் அறைக்குப் போனார். மேஜைமேல் உத்தரவு இருந்தது. அதைப் பார்க்காமல் பேசினார்.

"சார், முப்பத்திநாலுல தினமும் தண்ணி ஊத்தியிருக்கு."

"யாரு ஊத்தினது?"

"நான்தான் சார் ஊத்தச் சொன்னேன்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. செத்ததாக எழுதிய தொட்டிகளில் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருப்பதையும் சொன்னார். டைரக்டர் உத்தரவை எடுத்து நிதானமாக நாலாகக் கிழித்தார்.

"அந்தப் பத்தொன்பதுக்கும் தண்ணி விடு. முளைக்கலேன்னா லாரியில நீயும் ஏறிக்கோ."

ஒன்பதாம் நாள் பத்தொன்பதிலும் ஊசி ஊசியாகப் பச்சை எட்டிப் பார்த்தது. டைரக்டர் தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்துவிட்டு, இதுதான் உண்மையான ஆராய்ச்சி, ஆரம்பத்திலிருந்தே தனக்கு ஒரு சந்தேகம் இருந்தது என்றார். கிழங்குகளை இன்னும் மூன்று வருடம் அளக்க வேண்டுமாம். அதற்கு ஆளும் வேண்டுமாம். தற்காலிகமாக.

அன்று சாயங்காலம் ஸ்கேல் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். மனைவி பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செடிதான் எல்லாம் பொழைச்சிடுச்சே. அப்புறம் எதுக்குங்க அழறீங்க?"

"பாதி அதுக்குத்தான்," என்றார் ஸ்கேல்.

மீதிப் பாதி எதற்கு என்று மனைவி கேட்கவில்லை. குனிந்து அவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.